நோர்வூட்டிலிருந்து பாராளுமன்றத்துக்கு

ஸ்பெயின் தேசத்து இளைஞர் ஒருவர் முப்பது வயது நிரம்புமுன்னரே தம் கட்சியின் வேட்பாளர் பட்டியலில் இடம்பெற்று, 720 ஆசனங்கள் கொண்ட ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் அமர்வது இக்காலத்தில் அபூர்வமன்று. அதனினும் நம் கவனத்துக்குரியது, ஒன்றியத்து நாடொன்றின் பிரஜை அங்கத்துவ நாடுகளுள் எதிலே குடியேறினாலும், 1993இல் அமலுக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையின் பயனாக, அவ்விடத்து உள்ளூராட்சித் தேர்தலிலும் ஐரோப்பியத் தேர்தலிலும் வாக்களிக்கவும் போட்டியிடவும் உரித்துடையவர் என்பதே.

நமது மலையகத்தின் சரித்திரமோ நேர்மாறானது. கோப்பிக்கும் தேயிலைக்கும் காடு வெட்டிய தலைமுறைகளின் வாரிசுகள், 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிவிட்டு, மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். புதுக்கோட்டைச் சீமையில் 1913இல் பிறந்து, அந்த 1947இலே நுவரெலியாவில் வெற்றிபெற்ற சௌமியமூர்த்தி தொண்டமான், மக்களின் வாக்கினால் மறுபடியும் பாராளுமன்றம் புகுவதற்கு 1977 வரை, முழுமையாக முப்பது ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. இடையில் நியமன உறுப்பினராக அவர் அமர்ந்ததுண்டு. எனினும் நியமனம் வேறு, மக்களின் ஆணை வேறு.

அவருடைய பேரர் ஆறுமுகன் தொண்டமான் 2020 மே 26ஆம் திகதி திடீரென மறைந்து, ஊரடங்குக்கு மத்தியிலே நோர்வூட்டில் தகனம் செய்யப்பட்டார். அதன்பின் இரண்டு மாதங்கள் கழித்து, ஆகஸ்ட் 5ஆம் திகதித் தேர்தலில், அவர் மகன் ஜீவன், இருபத்தைந்து வயதில், ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான விருப்பு வாக்குகளைப் பெற்றார். அதில் அனுதாபத்தின் பங்கு எவ்வளவு, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தோட்டக் கமிட்டிகளுடைய உழைப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிதல் இயலாத காரியம். அனுதாபமே மிகுதி என்பது என் அபிப்பிராயம். உடனே இராஜாங்க அமைச்சர். 2022 நெருக்கடியில் அப்பதவியைத் துறந்தார். 2023 ஜனவரியில், இருபத்தெட்டாம் வயதில், நீர் வழங்கலும் தோட்ட உட்கட்டமைப்பும் பொறுப்பாகப் பெற்ற அமைச்சரவை அமைச்சர். வெளிநாட்டு இளம் அரசியல்வாதிகள் பலருக்குப் பதினைந்தாண்டுகள் பிடிக்கும் படிகளை இவர் மூன்றாண்டுகளில் ஏறினார் எனின், குடும்பப் பெயரே பாதி ஏணியாயிற்று என்பதை மறைப்பானேன்?

ஆயினும் பெயர் மாத்திரம் சோறு போடாது. 2021இல் வர்த்தமானியில் வெளியான ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம், அடுத்த ஆண்டின் விலைவாசியிலே கரைந்தொழிந்தது. நோர்வூட்டின் தொண்டமான் மைதானத்திலே 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி மேலதிகமாகப் பத்தாயிரம் வீடுகள் தருவதாக அறிவித்தபோது கரகோஷம் செய்தவர்களில் பலர் இன்றும் லயத்து அறைகளிலேயே வாழ்கின்றனர். ஏழு பேர்ச் காணியும் சொந்த வீடும் கிட்டாத ஆதங்கம், மூத்தோர் செய்த சேவையைச் சொல்லித் தணியக்கூடியதன்று.

2024 நவம்பரில் வாக்காளர் இந்த ஆதங்கத்தை வாக்கிலேயே காட்டினர். நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனங்களுள் ஐந்தைத் தேசிய மக்கள் சக்தி கைப்பற்ற, ஜீவன் யானைச் சின்னத்தில் நின்று தம் ஆசனத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அவருக்கு விழுந்த விருப்பு வாக்குகளோ நான்காண்டுகளுக்கு முன் விழுந்தவற்றில் பாதியையும் எட்டவில்லை.