நாலரை டன் வீட்டைத் தாங்கும் நான்கு டயர்கள்

மாணவர்களே, அமெரிக்க நெடுஞ்சாலைகளில் எடுத்த காணொளிகளைப் பார்த்திருந்தால், பெரிய பிக்கப் வண்டிகளின் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டி ஓடி வருவதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குப் பெயர் டிராவல் டிரெய்லர். உள்ளே கட்டில், சமையலறை, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாம் இருக்கும். சுருக்கமாகச் சொன்னால் சக்கரம் பூட்டிய வீடு. சற்றுப் பெரிய டிரெய்லர் பொருள்களோடு சேர்த்து 4,500 கிலோகிராம் எடை வரும். நம் ஊர்ச் சிறிய கார் நான்கைந்தை ஒன்றாகச் சேர்த்த எடை அது.

இந்த வீட்டைத் தரையில் தாங்கி நிற்பவை பெரும்பாலும் நான்கே டயர்கள். அவற்றில் ஒன்று ஓட்டத்தில் வெடித்தால், கிழிந்த ரப்பர் சாட்டை போல் வீசி டிரெய்லரின் அடித்தளத்தைக் கிழிக்கும். டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால், அதை இழுத்துச் செல்லும் வண்டியும் தடம் மாறும். ஆகவே பழைய டயரைக் கழற்றிவிட்டுப் புதியது போடும் நாளில், விலையைப் பார்த்து மட்டும் வாங்க முடியாது. எதைப் பார்த்து வாங்குவது? நீங்கள் படிவம் 1 முதல் படித்துவரும் அறிவியலே இதற்கு விடை சொல்லும்.

டயரின் மேல் எழுதியிருப்பது என்ன?

டயரின் பக்கச்சுவரில் எழுத்தும் எண்ணும் கலந்து அச்சிட்டிருப்பார்கள். டிரெய்லர் டயர் ஒன்றில் 'எஸ்டி225/75ஆர்15' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் உள்ள 'எஸ்டி', இது டிரெய்லருக்கென்றே செய்யப்பட்ட டயர் என்பதைக் குறிக்கும். 225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு. 'ஆர்' என்பது ரேடியல் வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

அடுத்து வருவது பாரக் குறியீடு. 117 என்று இருந்தால் அந்த டயர் அதிகபட்சம் 1,285 கிலோகிராம் தாங்கும். 102 என்றால் 850 கிலோகிராம்தான். அதன் அருகில் உள்ள எழுத்து வேகத்தைக் காட்டும். 'எல்' என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், 'எம்' என்றால் 130. வேக எழுத்தே இல்லாத டிரெய்லர் டயர்களை மணிக்கு 104 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது அமெரிக்காவில் நெடுநாளாக உள்ள நடைமுறை.

'சி', 'டி', 'இ' என்று பார வரிசை எழுத்துகளும் உண்டு. ஒரே அளவுள்ள டயரில் 'டி' வகை ஏறக்குறைய 1,150 கிலோகிராம் தாங்கும், 'இ' வகை 1,285 தாங்கும். 'இ' வகையைப் '10 அடுக்கு' என்றும் சொல்வார்கள். ஆனால் அந்த டயரை அறுத்துப் பார்த்தால் பத்து அடுக்கு இருக்காது. டயருக்குள் பருத்தி நூல் வைத்த காலத்தில் பிறந்த பெயர் அது. நூல் மாறி, பாலியஸ்டரும் எஃகும் வந்த பின்னும் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பாரத்தைக் கணக்கிடுவோம்

நம் டிரெய்லரின் மொத்த எடை 4,500 கிலோகிராம். அதில் ஒரு பங்கு, முன்னால் உள்ள கொக்கி வழியாக இழுக்கும் வண்டியின் மேல் இறங்கும். அந்தப் பங்கு 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் ஆடும். நாம் 12 விழுக்காடு என்று எடுத்துக்கொள்வோம். 540 கிலோகிராம் முன்வண்டிக்குப் போக, டயர்களுக்கு மிஞ்சுவது 3,960. நான்கால் வகுத்தால் டயருக்கு 990 கிலோகிராம்.

'டி' வகை 1,150 தாங்குமே, போதாதா என்று கேட்பீர்கள். வீட்டுக்குள் சமையலறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று யோசியுங்கள். அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, அலமாரி எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கமே 55 விழுக்காட்டைச் சுமக்கும். அப்போது அங்குள்ள ஒவ்வொரு டயரின் மேலும் 1,089 கிலோகிராம் இறங்கும். 'டி' வகை தன் எல்லையில் 95 விழுக்காட்டைத் தொட்டுவிடும். 'இ' வகைக்கு அதே பாரம் 85 விழுக்காடு. சாலைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது பாரம் ஒரு நொடி கூடுமே, அதைத் தாங்க இந்த இடைவெளி தேவை. சராசரியை மட்டும் நம்பக்கூடாது என்று கணிதப் பாடத்தில் படித்தது இங்கே உயிர் காக்கும் பாடமாகிறது. இதனால்தான் அனுபவமுள்ள உரிமையாளர்கள், டிரெய்லரை எடைமேடைக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கிறார்கள்.

பாரத்தைச் சுமப்பது காற்று

டயரில் ரப்பர்தான் பாரத்தைச் சுமக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதியைச் சுமப்பது உள்ளே அடைபட்ட காற்று. அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. இதைத் திருப்பிப் போட்டால், விசையை அழுத்தத்தால் வகுத்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறையக் கிடைத்துவிடும்.

990 கிலோகிராமின் எடை சுமார் 9,900 நியூட்டன். 'இ' வகை டயரில் நிரப்ப வேண்டிய அழுத்தம் சுமார் 550 கிலோபாஸ்கல், அதாவது 80 பிஎஸ்ஐ. வகுத்தால் 0.018 சதுர மீட்டர், அதாவது 180 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிய இடம். நாலரை டன் வீடு அப்படிப்பட்ட நான்கு துண்டு நிலத்தில் நின்றுகொண்டு ஓடுகிறது.

இப்போது காற்று குறைந்து 345 கிலோபாஸ்கலுக்கு வந்துவிட்டது என்று கொள்வோம். பரப்பு 287 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. டயர் சப்பென்று அமர்ந்து, பக்கச்சுவர் அதிகமாக மடங்கும். 'இ' வகை டயரானாலும் அந்த அழுத்தத்தில் அது தாங்கக்கூடியது 975 கிலோகிராம்தான். நமக்குத் தேவை 990. டயரில் அச்சிட்டுள்ள உச்சப் பாரம், அதற்கான முழு அழுத்தத்தில் காற்று இருந்தால் மட்டுமே செல்லும். நல்ல டயரை வாங்கிவிட்டுக் காற்றைக் கவனிக்காவிட்டால், வாங்கிய பலம் கையில் இல்லை.

வெப்பம்தான் உண்மையான எதிரி

ஸ்குவாஷ் விளையாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? நிக்கோல் டேவிட் போன்ற வீராங்கனைகளும் ஆட்டம் தொடங்கும் முன் பந்தைச் சுவரில் அடித்து அடித்துச் சூடாக்குவார்கள். ரப்பரை நசுக்கும்போது கொடுத்த ஆற்றல் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாக மாறி உள்ளேயே தங்குகிறது. இந்தப் பண்புக்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர்.

டயரிலும் இதுவே நடக்கிறது. நம் டயரின் விட்டம் சுமார் 72 சென்டிமீட்டர், சுற்றளவு 2.26 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 12 முறைக்குமேல் சுழலும். அதன் ஒவ்வொரு பகுதியும் நொடிக்கு 12 முறை நசுங்கி நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் 44,000 முறை! காற்று குறைவு, பாரம் அதிகம், வேகம் அதிகம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், வெப்பம் வெளியேறுவதைவிட வேகமாகச் சேர்ந்துகொண்டே போகும். டயருக்குள் எஃகுக் கம்பிப் பட்டைகளையும் ரப்பரையும் இணைத்திருக்கும் பிணைப்பு தளரும். ஒருநாள் மேல்பகுதி முழுவதும் உரிந்து பறக்கும்.

இது நடந்த கதைதான். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் 6.5 மில்லியன் டயர்களைத் திரும்பப் பெற்றது. மேல்பகுதி உரிந்து வண்டிகள் கவிழ்ந்து பலர் உயிரிழந்ததே காரணம். அதன் பின் வந்த சட்டத்தால், அங்கு விற்கும் புதிய கார்களில் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி கட்டாயமானது. டிரெய்லர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பின்னால் வரும் டிரெய்லரில் காற்று இறங்கினால் முன்னால் ஓட்டுபவருக்குத் தெரிவதும் கடினம். அதனால் பலர் அந்தக் கருவியைத் தாமே வாங்கிப் பொருத்துகிறார்கள்.

ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருப்பதைப் பார்த்துச் சிலர் காற்றை வெளியேற்றுவார்கள். அது தவறு. 27 பாகை செல்சியஸில் 550 கிலோபாஸ்கல் இருந்த டயர், 57 பாகையில் சுமார் 615 காட்டும். வாயு விதிப்படி அப்படித்தான் காட்ட வேண்டும், டயரும் அதற்கேற்பவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சூட்டில் காற்றைக் குறைத்தால், மறுநாள் காலை குளிர்ந்த டயரில் காற்று போதாது. காற்றை அளக்கச் சரியான நேரம், வண்டி புறப்படும் முன்.

பால்மரத்தின் பலமும் பலவீனமும்

இந்த இடத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1877-இல் சிங்கப்பூருக்கும் பின்னர் கோலகங்சாருக்கும் வந்த ரப்பர்க் கன்றுகளிலிருந்து மலாயாவின் தோட்டங்கள் எழுந்தன. நம் முன்னோர் விடியற்காலையில் எழுந்து சீவிய பால்மரங்கள் உலகத்தின் டயர்களுக்கு ரப்பர் தந்தன. செயற்கை ரப்பர் வந்த பின்னும், லோரி டயர்களிலும் விமான டயர்களிலும் இயற்கை ரப்பரின் பங்கே அதிகம். எஃகுப் பட்டைகளைச் சுற்றிப் பூசுவதும் பெரும்பாலும் இயற்கை ரப்பர்தான். நன்றாக இழுக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகம்போல் இறுகும். அதனால் சிறு வெடிப்பு எளிதில் பெரிதாகாது. நசுங்கி நிமிரும்போது உண்டாகும் வெப்பமும் குறைவு.

ஆனால் அதே மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றிலுள்ள ஓசோன் அவற்றைத் தேடிப் பிடித்து உடைக்கும். இதைத் தடுக்க டயரில் ஒருவகை மெழுகு கலக்கிறார்கள். டயர் ஓடி வளையும்போது அது மெல்ல மேற்பரப்புக்கு வந்து போர்வைபோல் காக்கும். ஆண்டில் பத்து மாதம் வெயிலில் சும்மா நிற்கும் டிரெய்லரில் இந்தப் போர்வை சரியாக உருவாவதில்லை. அதனால்தான் டிரெய்லர் டயர்கள் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே அதிகம். பள்ளங்கள் ஆழமாக இருக்கும், பார்க்கப் புதிதாகத் தெரியும், உள்ளே வலு இருக்காது.

வயதைக் கண்டுபிடிக்கப் பக்கச்சுவரில் 'டிஓடி' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. கார் தயாரிப்பாளர்கள் பலர் 6 ஆண்டுகளில் டயரை மாற்றச் சொல்கிறார்கள். டயர் தயாரிப்பாளர்கள் பலர் 10 ஆண்டுகளைக் கடைசி எல்லையாக வைக்கிறார்கள்.

நீங்கள் எதை வாங்குவீர்கள்?

கடைக்காரர் நம் டிரெய்லருக்கு ஒரே அளவில் மூன்று டயர்களைக் காட்டுகிறார்.

1. கார் டயர். பாரக் குறியீடு 102. விலை மிகக் குறைவு.
2. 'டி' வகை டிரெய்லர் டயர். போன மாதம் செய்தது.
3. 'இ' வகை டிரெய்லர் டயர். செய்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. நல்ல தள்ளுபடி.

முதலாவது உடனே கழிந்துவிடும். 850 கிலோகிராமே நமக்குப் போதாது. அதோடு, கார் டயரை டிரெய்லரில் போட்டால் அதன் பாரத்தை 1.1 ஆல் வகுக்க வேண்டும் என்பது விதி. மிஞ்சுவது 773. இரண்டாவது ஓடும், ஆனால் கனமான பக்கத்தில் இடைவெளி மிகக் குறைவு. மூன்றாவதற்குப் பலம் உண்டு, ஆனால் வாழ்நாளில் பெரும்பகுதி கடை அலமாரியிலேயே கழிந்துவிட்டது. அது நிழலில் இருந்ததா, வெயிலில் இருந்ததா என்பதும் வாங்குபவருக்குத் தெரியாது.

சரியான விடை, மூன்றையும் வாங்காமல், அண்மையில் செய்த 'இ' வகை கிடைக்குமா என்று கேட்பது. கிடைத்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ரிம் 550 கிலோபாஸ்கலைத் தாங்குமா? வால்வும் தாங்குமா? சாதாரண ரப்பர் வால்வுகள் பல 450 கிலோபாஸ்கல் வரைக்கும்தான். டயர் மட்டும் வலுவாக இருந்து வால்வு பிய்த்துக்கொண்டு போனால் பயன் என்ன?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுக் காரின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் காற்றழுத்த அட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அதில் உள்ள கிலோபாஸ்கல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு டயர்களின் பாரக் குறியீட்டையும், செய்த வாரத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். மேலதிக டயரையும் மறக்காதீர்கள், பெரும்பாலும் அதுதான் வீட்டிலேயே மூத்த டயர். பிறகு காரின் எடையை வைத்து ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பைக் கணக்கிடுங்கள்.

பட்டியலை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். அடுத்த முறை ஊருக்கு நெடுந்தூரம் புறப்படும் முன், காற்றை அளக்கும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.