குடும்ப நாவல் ஏன் மனசுக்கு இதமா இருக்கு?



போன மாதக் கூட்டத்தில் ஒரு சின்ன சம்பவம். சந்தா கட்ட வந்த ஒரு அக்கா பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்தார். கூடவே ஒரு கதைப் புத்தகமும் கீழே விழுந்தது. அட்டை இல்லை, முதல் நாலு பக்கமும் இல்லை. பிரிந்து போகாமல் இருக்க ஊசி நூலால் தைத்திருந்தது. "என்னக்கா, பேரன் எடுத்த வயசுல காதல் கதையா?" என்று ஒருத்தி கேட்க, நாம் எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். உள்கடன் தவணை எழுதி, தீர்மானத்தில் கையெழுத்து போட்டு முடிக்கும்வரை தலை நிமிரவே இல்லை.

வீட்டுக்குப் போன பிறகு நமக்கே சங்கடமாகிவிட்டது. அடுத்த வாரம் உட்கார்ந்து பேசினால், சிரித்தவர்களில் ஏழெட்டுப் பேர் அதே மாதிரி கதைகளை ஒளித்து வைத்துப் படிக்கிறவர்கள்! ஒருத்தி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். இன்னொருத்தி பாத்ரூமில். கடன் வாங்கியதைக்கூட வெளிப்படையாகச் சொல்லும் நாம், கதை படிப்பதை ஏன் மறைக்கிறோம்? அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம்.

இந்தக் கதைகளை நம் பக்கத்தில் குடும்ப நாவல் என்போம். ராஜா ராணி கிடையாது, பேய் பிசாசு கிடையாது. நம்மைப் போலவே பஸ்ஸுக்கு நிற்கிற, தங்கச்சி கல்யாணக் கடனை நினைத்துக் கவலைப்படுகிற பெண்தான் கதாநாயகி. 'லட்சுமி' என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி இதில் முன்னோடி. மருத்துவம் படிக்கையில் பணமுடை வந்தபோது கதை எழுதிக் கிடைத்த பணம்தான் அவர் படிப்புக்குக் கைகொடுத்தது. அவருடைய 'பெண் மனம்' கதைதான் 1963-ல் 'இருவர் உள்ளம்' என்று சினிமாவாக வந்தது. 1984-ல் சாகித்ய அகாடமி பரிசும் வாங்கினார். அவருக்குப் பிறகு வந்தவர்களில் ரமணிசந்திரனைச் சொல்லாமல் முடியாது. நூற்றுக்கும் மேலே நாவல்கள். அம்மா படித்ததை மகளும் மருமகளும் படித்தார்கள். ராணிமுத்து, மாலைமதி மாதிரி மாத நாவல்கள் பெட்டிக்கடையில் தொங்கின. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி, தெருவே படித்தது. 1990-களில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கூட்டக் கற்றவர்களும் நம் குழுக்களில் உண்டு. அதில் ஒருவர் சொன்னார்: "பாடப் புத்தகத்தை முடிச்சதும் கையில கிடைச்சது மளிகைக் கடை பொட்டலத் தாள்தான். அதுல பாதிக் கதை இருந்துச்சு. மீதிக்காகவே வேகமாப் படிக்கப் பழகிட்டேன்."

சரி, என்ன இருக்கிறது இந்தக் கதைகளில்?

ஒரு விஷயத்தைக் கவனித்தோம். இவற்றில் ரொம்பக் கதைகளில் கல்யாணம் முதலில் நடந்துவிடுகிறது, காதல் பின்னால்தான் வருகிறது. ஏதோ கட்டாயத்தில், சரியாக முகம்கூடப் பார்க்காமல் தாலி கட்டிக்கொள்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு அந்நியர்கள். ஒரு தப்பெண்ணம் வருகிறது, பேச்சு நிற்கிறது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொள்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், இது யார் கதை? பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டோடு நின்று, அடுத்த மாதம் இன்னொரு வீட்டில் அடுப்பு மூட்டிய நம்முடைய கதைதானே! சினிமாவில் கல்யாணத்தோடு வணக்கம் போட்டுவிடுவார்கள். குடும்ப நாவல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வித்தியாசம் என்னவென்றால், கதையில் அந்த இரண்டு பேரும் கடைசியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். "நான் உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்" என்று அவன் சொல்கிறான். நம்மில் எத்தனை பேருக்கு இந்த வார்த்தை கிடைத்திருக்கிறது? கேட்டபோது கூட்டத்தில் சத்தமே இல்லை. அந்த அக்காதான் பேசினார். "எங்க வீட்டுக்காரர் நல்லவர்தான். முப்பத்தொரு வருஷம் ஆச்சு. ஒரு நாளும் நீ சாப்பிட்டியான்னு கேட்டதில்லை. கேட்கணும்னு அவருக்குத் தெரியாது. கதையில அவன் கேட்கிற இடம் வந்தா, அந்தப் பக்கத்தை ரெண்டு தடவை படிப்பேன்." கதாநாயகனுடைய கார், பங்களா எல்லாம் நாம் தாண்டிப் படிக்கிற பக்கங்கள் போலிருக்கிறது. மனசு நிற்பது இந்த மாதிரி இடத்தில்தான். காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது, மாமியார் முன்னால் மனைவியை விட்டுக்கொடுக்காமல் ஒரு வார்த்தை பேசுவது.

இன்னொன்று, முடிவு நல்லதாக இருக்கும் என்று முதலிலேயே தெரியும். "தெரிஞ்ச முடிவுக்கு எதுக்குப் படிக்கணும்?" என்று நம் வீட்டு ஆண்கள் கேலி செய்கிறார்கள். மழை வருமா, தவணை கட்ட முடியுமா, பிள்ளைக்கு சீட்டு கிடைக்குமா என்று எல்லாமே தெரியாமல் கிடக்கிற நாளில், தெரிந்த முடிவு உள்ள ஒன்று கையில் இருந்தால் மூச்சு கொஞ்சம் இலகுவாகிறது. (அவர்கள் பார்த்த எம்.ஜி.ஆர். படத்தையே பத்து தடவை பார்த்தார்களே, அப்போது முடிவு தெரியாதா?)

ஆனால் ஒரு விஷயத்தில் நமக்குள்ளேயே சண்டை வந்தது. சில கதைகளில் நாயகன் கை நீட்டுகிறான். அவள் வேண்டாம் என்றாலும் பலவந்தம் செய்கிறான். கடைசி அத்தியாயத்தில் 'அளவு கடந்த அன்பால் வந்த கோபம்' என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறான், அவளும் அழுதுகொண்டே மன்னிக்கிறாள். கதைதானே, விடுங்கள் என்றார்கள் சிலர். அப்போது நம் குழுவின் இளைய உறுப்பினர் ஒருவர் சொன்னது இது: "கதையில அடிச்சவன் கடைசியில திருந்துவான்னு எழுதுறவங்களுக்குத் தெரியும். எனக்கு அப்படி யாரு எழுதி வெச்சாங்க? நானும் அந்தக் கடைசிப் பக்கத்துக்காகத்தான் ஏழு வருஷம் காத்திருந்தேன்."

அதன் பிறகு விடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. கதையில் எப்படி இருந்தாலும், வீட்டுக்குள் அடிப்பதும் பலவந்தம் செய்வதும் குடும்ப வன்முறைதான். அதற்காகவே 2005-ல் சட்டம் வந்து, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். அந்தத் தங்கை இப்போது தாய் வீட்டில் இருக்கிறார். தையல் மிஷின் கடன் வாங்கித் தொழில் செய்கிறார். குடும்ப நாவல் படிப்பதை நிறுத்தவில்லை. அடிக்கிற கதாநாயகன் வந்தால் மட்டும் புத்தகத்தை மூடி வைத்துவிடுவாராம்.

படிக்க எங்கே போவது என்று கேட்கிறவர்களுக்கு: 2006 முதல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகம் கட்டினார்கள். உங்கள் ஊரில் அது பூட்டிக் கிடந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பக்கத்தில் கிளை நூலகம் இருந்தால் சிறு காப்புத்தொகை கட்டி உறுப்பினராகலாம். கேட்கத் தயங்க வேண்டாம். 1948-ல் போட்ட சட்டப்படி நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். இப்போது செல்போனிலும் கதைகள் வருகின்றன. சிலவற்றில் நாலைந்து அத்தியாயம் இலவசமாகக் கொடுத்துவிட்டு, விறுவிறுப்பான இடத்தில் காசு கேட்பார்கள். அங்கே மட்டும் உஷார்.

அந்த அக்காவிடம் கூட்டத்திலேயே மன்னிப்புக் கேட்டோம். "மன்னிப்பெல்லாம் எதுக்கு, அந்த முதல் நாலு பக்கத்தைத் தேடிக் குடுங்க" என்றார். புத்தகத்தின் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. நாயகி டைப் அடிக்கிற வேலை பார்க்கிறாள், தங்கைக்காகக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள், மாப்பிள்ளைக்கு ஊட்டிப் பக்கம் தேயிலைத் தோட்டம். இந்த அடையாளத்துக்கு நூறு கதை இருக்குமே என்று சிரிக்க வேண்டாம். மாமியாருக்குக் கண் தெரியாது, மருமகளை வளையல் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பார். தெரிந்தவர்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள்.