குதிரைத்திறன் தரைக்கு வரும் வழி

மாஸ்டா மியாட்டா காரின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 1.4 மீட்டர். அந்தக் கார் ஒரு முழு வட்டம் அடித்தால், வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட ஏறத்தாழ 9 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வட்டம் சின்னதா பெரிதா என்பது கணக்கில் வராது. ஒரு ரவுண்டானாவைச் சுற்றினாலும், ஒரு மாவட்டத்தையே சுற்றினாலும் அதே 9 மீட்டர்தான். இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டிவிட்டால், இந்த வித்தியாசத்தைச் சமாளிக்க ஏதாவது ஒரு டயர் தரையில் உராய்ந்து இழுபட வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் பின் ஆக்சிலின் நடுவில் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கைவினைஞர் 1820களின் கடைசியில் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார். கார் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்பே அதன் டிஃபரென்ஷியல் பிறந்துவிட்டது.

மியாட்டாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஹிரோஷிமாவில் தயாராகி, 1989 பிப்ரவரியில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான இந்த இருவர் கார், 2016-ல் தயாரிப்பில் பத்து லட்சத்தைத் தொட்டது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜப்பானிலும் வீட்டு கராஜில் காருக்கு அடியில் படுத்து ஸ்பேனர் பிடிக்கப் பழகிய பலருக்கு இதுதான் முதல் வண்டி. எஞ்சின் முன்னால், இழுவை பின்னால், மின்னணுச் சமாச்சாரங்கள் குறைவு, பாகங்களும் கைக்கு எட்டும். அமெரிக்காவில் விற்ற முதல் மாடலின் 1.6 லிட்டர் எஞ்சின் தந்தது 116 குதிரைத்திறன். காரின் எடை ஒரு டன்னுக்குள். இதை வாங்கியவர்களின் கை முதலில் எஞ்சின் பக்கம்தான் போகும். டர்போ மாட்டலாமா, சூப்பர்சார்ஜர் மாட்டலாமா, சைலன்சரை மாற்றலாமா என்றுதான் யோசிப்பார்கள். என்னைக் கேட்டால் முதல் செலவு அங்கே ஆகக் கூடாது.

எஞ்சினில் பிறக்கும் முறுக்குவிசை கிளட்ச், கியர்பாக்ஸ், புரப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல், இரண்டு அரை ஆக்சில்கள் என்று வரிசையாகக் கடந்து டயருக்கு வருகிறது. இந்த வரிசையில் எது பலவீனமோ அதுதான் முதலில் போகும். டர்போ மாட்டினால் கிளட்ச் வழுக்கும். கனமான கிளட்ச் போட்டால் அந்த அதிர்ச்சி கியர்பாக்ஸ் பல்லில் விழும். கியர்பாக்ஸ் தாங்கிவிட்டால் அடுத்த அடி டிஃபரென்ஷியலுக்கு. எல்லாம் தாங்கினாலும் கடைசியில் ஒரு சக்கரம் மட்டும் புகை கக்கிக்கொண்டு சுற்றினால், செலவழித்த காசு புகையாகப் போனது என்றே பொருள்.

ஒரு சக்கரம் மட்டும் ஏன் சுற்றுகிறது? சாதாரண டிஃபரென்ஷியலில் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் கூட்டுக்குள், குறுக்காக ஓர் ஊசித்தண்டு இருக்கும். அதில் இரண்டு சிறு பினியன்கள் கோத்திருக்கும். அவற்றின் இருபுறமும் ஆக்சில்களோடு இணைந்த பல்சக்கரங்கள். நேர்ச்சாலையில் இந்தச் சிறு பினியன்கள் தம் அச்சில் சுழல்வதே இல்லை. கூட்டோடு சேர்ந்து உருண்டு இரண்டு ஆக்சில்களையும் தள்ளும். வளைவில் மட்டும் தாமும் சுழன்று, உள்சக்கரத்திடம் குறைந்த சுற்றை வெளிச்சக்கரத்துக்குக் கூட்டிக் கொடுக்கும். நடுவில் தாங்கிய தராசுக் கோலைப் போல ஒவ்வொரு பினியனும் இரண்டு பக்கமும் எப்போதும் சமமான விசையையே தரும். அதன் நேர்மையும் கோளாறும் அதுதான். ஈரத்தில் நிற்கும் சக்கரத்தால் 50 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்க முடியாது என்று வையுங்கள். காய்ந்த தரையில் நிற்கும் மறுசக்கரம் 500 தாங்கும். ஆனாலும் அதற்குக் கிடைப்பது 50 மட்டுமே. மிச்சமுள்ள சக்தி முழுக்க ஈரச் சக்கரத்தைச் சுழற்றுவதில் கரைகிறது.

சேற்றில் டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரு சக்கரம் புதைந்து சுற்றும்போது அவர்கள் டிஃபரென்ஷியல் லாக்கை அழுத்துவார்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு வண்டி மேலேறும். வெளியே வந்ததும் லாக்கை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி திரும்ப அடம்பிடிக்கும். வேகமாக ஓடும் காருக்கு இந்த வைத்தியம் ஆகாது. வளைவில் காரின் எடை வெளிப்பக்கம் சாய்வதால் உள்சக்கரத்தின் பிடிப்பு குறைகிறது. அந்த நேரத்தில், திரும்பும் சுதந்திரத்தைக் கெடுக்காமல், பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூடுதல் விசை போக வேண்டும். 1930களில் ஆட்டோ யூனியனின் கிராண்ட் பிரி கார்கள் அளவுக்கு மீறிய சக்தியால் ஒற்றைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியலைச் செய்துகொடுத்தது. இன்றைய வேகக் கார்களில் இருக்கும் எல்.எஸ்.டி. (லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்) அந்த வம்சம்.

எல்.எஸ்.டி.யில் வகைகள் உண்டு. பந்தயக்காரர்களுக்குப் பிடித்தது தட்டு வகை. கிளட்ச் தட்டுகளை அடுக்கி ஸ்பிரிங் அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மறுசக்கரம் இழுக்கும். ஆனால் பார்க்கிங்கில் மெதுவாகத் திருப்பும்போது கடகடவென்று முனகும். தட்டு தேயும், அவ்வப்போது கழற்றிப் புதுப்பிக்க வேண்டும், தனி எண்ணெய் கேட்கும். இரண்டாவது, கெட்டியான சிலிக்கோன் திரவத்தில் தட்டுகள் மூழ்கிச் சுழலும் வகை. 1.6 லிட்டர் மியாட்டாவில் கூடுதல் விலைக்குக் கிடைத்தது இதுதான். அந்தத் திரவம் வயதாக ஆக வலுவிழக்கும். முப்பது வயது தாண்டிய பெட்டியை விற்பவர் எல்.எஸ்.டி. என்று சொன்னால் பெயருக்குத்தான் எல்.எஸ்.டி.

மூன்றாவது வகையான டார்சென் முழுக்க முழுக்கப் பல்சக்கர வேலைப்பாடு. அமெரிக்கப் பொறியாளர் வெர்னன் கிளீஸ்மன் 1958-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். திருகு வடிவப் பற்கள் ஒன்றையொன்று தள்ளும்போது பக்கவாட்டு அழுத்தம் உண்டாகிறது. அந்த அழுத்தத்தின் உராய்வே ஒரு சக்கரத்தை மற்றதைவிட வேகமாக ஓடவிடாமல் தடுக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தப் பிடி இறுகும், காலை எடுத்தால் தளரும். தேய்ந்து தீரும் தட்டு இல்லை, திரவம் இல்லை; சாதாரண டிஃபரென்ஷியல் எண்ணெய் போதும். விசையைப் பங்கிடும் விகிதம் இரண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வளைவில் உள்சக்கரம் 300 நியூட்டன் மீட்டரும் வெளிச்சக்கரம் 900-மும் தாங்கும் நிலையில், சாதாரண டிஃபரென்ஷியலால் தரைக்குப் போவது 300-ம் 300-ம், மொத்தம் 600. டார்சென் இருந்தால் 300-ம் 600-ம் சேர்த்து 900. எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் ஒன்றரை மடங்கு இழுவை! டர்போவைவிட இதற்கு நான் முன்னுரிமை தருவது இதனால்தான்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. உள்சக்கரம் முழுக்க அந்தரத்துக்குப் போய்விட்டால், பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம், டார்சென் செயலற்றுப்போகும். அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டிகளில் டார்சென் இருக்கிறது. சக்கரம் தொங்கும்போது ஆக்சிலரேட்டரோடு பிரேக்கையும் லேசாக அழுத்தச் சொல்லி அதன் ஓட்டுநர்களைப் பழக்குகிறார்கள். தொங்கும் சக்கரத்தில் பிரேக் தரும் தடையை உண்மையான பிடிப்பு என்று நம்பி, டார்சென் மறுபக்கத்துக்கு விசையை அனுப்புகிறது.

மாஸ்டா 1994 மாடலில் 1.8 லிட்டர் எஞ்சினைக் கொண்டுவந்தபோது, டிஃபரென்ஷியலின் கிரவுன் வீலையும் 6 அங்குலத்திலிருந்து 7 அங்குலமாகப் பெரிதாக்கியது. சில வண்டிகளில் டார்செனும் அதோடு வந்தது. ஓர் அங்குலம்தானே என்று நினைக்க வேண்டாம். டர்போ போட்ட கார்களில் 6 அங்குலப் பல் நொறுங்குவதும் 7 அங்குலம் தாங்குவதும் மியாட்டாக்காரர்கள் எல்லோரும் அறிந்த சங்கதி. அதனால் பழைய 1.6 வண்டிக்கு, உடைபட்ட 1.8 வண்டியின் பின்பகுதியை எடுத்துப் பொருத்துவது வீட்டு மெக்கானிக்குகளின் வழக்கமான வேலையாகிவிட்டது. டிஃபரென்ஷியலை மட்டும் வாங்கினால் போதாது. அதன் அரை ஆக்சில்களையும், பெரிய ஃபிளேஞ்ச் கொண்ட புரப்பெல்லர் ஷாஃப்டையும் அதே வண்டியிலிருந்து சேர்த்தே வாங்க வேண்டும். தனித்தனியாகப் பொறுக்கினால் ஏதாவது ஒன்று பொருந்தாமல், கார் ஜாக்கி ஸ்டாண்டிலேயே வாரக்கணக்கில் நிற்கும். பழைய கார் யார்டில் வாங்கும்போது ஆக்சில் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவே குறுக்கில் ஊசித்தண்டு தெரிந்தால் அது சாதாரண டிஃபரென்ஷியல். விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் டார்சென் இல்லை.

வேலை என்று பார்த்தால், எடை தூக்குவதும் துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டுவதும்தான் பெரும்பாலும். காரின் நான்கு மூலையும் ஜாக்கி ஸ்டாண்டில் உறுதியாக நிற்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பவருக்கு டிஃபரென்ஷியலைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை. எண்ணெயை வடிக்கும் முன் மேலே உள்ள நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். அது இறுகிக் கிடக்கையில் கீழே வடித்துவிட்டால், எண்ணெய் இல்லாத காரோடு மாட்டிக்கொள்வீர்கள். வடியும் எண்ணெயில் கந்தக நெடி தூக்கும். பற்களைக் காக்கச் சேர்க்கும் கந்தகக் கலவையின் வாசம் அது. ஜி.எல்.-5 என்று குறியிட்ட அந்த எண்ணெயை, மிச்சமிருக்கிறதே என்று கியர்பாக்ஸில் ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை அது அரிக்கக் கூடும் என்பதால் ஜி.எல்.-4 வகைதான் அங்கே பாதுகாப்பு.

மியாட்டாவுக்கே உரிய சிக்கல் ஒன்று. கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் நீளமான ஓர் அலுமினியச் சட்டம் இணைக்கிறது. எஞ்சினும் பின் ஆக்சிலும் ஒரே உடம்பாக இயங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் கார் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதன் போல்ட்டைக் கழற்றியதும் கியர்பாக்ஸின் வால் கீழே தொய்யும். அதற்கடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்த பிறகே சட்டத்தைத் தொட வேண்டும். திரும்பப் பூட்டும்போது பழைய உயரத்துக்கே கொண்டுவர வேண்டும். புரப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட், சாய்வில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் சற்று வேகம் கூடிக் குறையும். இரு முனைச் சாய்வும் சமமாக இருந்தால் ஒன்றின் ஆட்டத்தை மற்றது ஈடுகட்டிவிடும். சமமில்லாவிட்டால் நெடுஞ்சாலையில் ஏறியதும் தரைப்பலகை அதிரும்.

பெட்டியைத் திறந்து உள்ளே கை வைக்கும் ஆசை பலருக்கும் வரும். வேண்டாம். கிரவுன் வீலுக்கும் அதைச் சுழற்றும் பினியனுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி சுமார் 0.1 மில்லிமீட்டர். பினியன் எவ்வளவு ஆழம் நிற்க வேண்டும் என்பதை மெல்லிய ஷிம் தகடுகளால் சரிசெய்து, பல்லில் சாயம் தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். டயல் கேஜும் பொறுமையும் பழகிய கையும் கேட்கிற வேலை. தவறினால் ஊளைச் சத்தம் கேட்கும். அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பல் போகும். ஆகவே முழுப் பெட்டியாக மாற்றுவது வீட்டு வேலை, உள்ளே பிரிப்பது பட்டறை வேலை.

மாற்றியபின் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். 1.6 வண்டியின் கிரவுன்-பினியன் விகிதம் 4.3. 1994 மாடல் 1.8 வண்டியில் 4.1. அதாவது அதே வேகத்துக்கு எஞ்சின் கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைவாகச் சுற்றினால் போதும். நெடுஞ்சாலையில் சத்தம் குறையும், புறப்படும்போது துடிப்பும் அந்த அளவுக்குக் குறையும். ஸ்பீடோமீட்டரின் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால், கார் 105-ல் ஓடும்போது முள் 100 என்று காட்டும். அங்கே உள்ள சிறு பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றினால் சரியாகிவிடும். போலீஸ்காரரிடம் விளக்குவதைவிட அது சுலபம்.

கிளட்சும் ஃப்ளைவீலும் தனிக்கதை. எடை குறைந்த ஃப்ளைவீல் போட்டால் எஞ்சின் சட்டென்று ஏறி இறங்கும். நெரிசலில் நகர்த்தும்போது அடிக்கடி அணைந்தும் போகும். கியர்பாக்ஸை இறக்கினால்தான் அதைத் தொட முடியும் என்பதால், பழைய கிளட்ச் தேயும் நாள்வரை காத்திருப்பதே லாபம்.

புது டிஃபரென்ஷியலோடு முதலில் ஓட்டும்போது ஒன்றை மனதில் வையுங்கள். பழையதில் வளைவில் மிதித்தால் உள்சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றும். வெளிச்சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும், வால் தன் இடத்தில் நிற்கும். இப்போது இரண்டும் சேர்ந்து இழுக்கின்றன. எல்லை மீறினால் இரண்டும் சேர்ந்தே வழுக்கும், வால் பக்கவாட்டில் சட்டென்று வீசும். முதல் மழைக்கு முன்பே காலியான, அனுமதியுள்ள மைதானம் ஒன்றில் அந்த எல்லையைப் பழகிக்கொள்ளுங்கள். டார்சென் பெருக்கித் தருவது டயரின் பிடிப்பை மட்டும்தான். டயர் வழுவழுப்பாகிவிட்டதென்றால், டிஃபரென்ஷியலுக்குச் சேர்த்த பணத்தில் முதலில் நான்கு டயர் வாங்குங்கள்.