எல்லை வகுத்து வென்ற நாடு

சுற்றுலாவை வளர்க்க எந்த அரசு கிளம்பினாலும் ஒரே பட்டியல்தான் தயாராகிறது: விமான நிலையம், நட்சத்திர விடுதி, வரிச்சலுகை, விளம்பரம். காட்டையும் கடற்கரையையும் காப்பது, வருமானம் வந்த பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையாக ஒதுக்கப்படுகிறது. மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிகா இந்த வரிசையை மாற்றியது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிகூட இல்லாத, ஏறத்தாழ 50 லட்சம் மக்களே வாழும் நாடு அது. 2019இல் அங்கே 31 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் போனார்கள். பிரமிடுகளோ பெரும் கோயில்களோ அந்நாட்டில் இல்லை. காடும், பறவையும், எரிமலையும், இரண்டு பெருங்கடல்களின் கரைகளும்தான் அதன் சொத்து. அந்தச் சொத்தை விற்றுத் தீர்க்காமல் பிழைக்க அந்த அரசு கற்றுக்கொண்ட விதம், சுற்றுலாக் கொள்கை பற்றிப் பேசும் எவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய பாடம்.

இயற்கையை நேசிக்கும் நாடாகவே அது எப்போதும் இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1940களில் நிலப்பரப்பின் முக்கால் பங்கைப் போர்த்தியிருந்த காடு, 1980களில் கால் பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அமெரிக்காவுக்கு மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்ய மேய்ச்சல் நிலம் வேண்டியிருந்தது. வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்தன. காட்டை வெட்டித் திருத்தியவருக்கு நில உரிமையும் கிடைத்தது. அழிவு இவ்வளவு வேகமாக நடந்த அதே காலத்தில்தான் அரசு எதிர்த்திசையிலும் நடக்கத் தொடங்கியது. 1970 முதல் தேசியப் பூங்காக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறிவிக்கப்பட்டன. இன்று நாட்டின் கால் பங்குக்கும் மேற்பட்ட நிலம் பாதுகாக்கப்பட்ட பகுதி. 1977இல் வந்த கடலோரச் சட்டம், அலை ஏறும் எல்லையிலிருந்து 200 மீட்டர் அகலத்தை அரசின் பொறுப்பில் வைத்து, அதில் முதல் 50 மீட்டரைப் பொதுமக்களுக்கு உரியதாக்கியது. எஞ்சிய 150 மீட்டரைக் குத்தகைக்கு மட்டுமே எடுக்க முடியும். சுற்றுலா முதலீட்டுக்கு வரிச்சலுகை தரும் சட்டம் 1985இல்தான் வந்தது. பூங்காவும் கரையும் முதலில், சலுகை பிறகு: இந்த வரிசைதான் கவனிக்க வேண்டியது.

தொழில் சூடுபிடித்ததும் அரசு பிடியைத் தளர்த்தவில்லை. 1990களின் முற்பகுதியில் சுற்றுலா, காப்பியையும் வாழைப்பழத்தையும் முந்தி அந்நியச் செலாவணி ஈட்டத் தொடங்கியது. 1996இல் நிறைவேறிய வனச் சட்டம், இயற்கைக் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடைசெய்தது. தடையோடு நில்லாமல், தன் நிலத்தில் காட்டைக் காக்கும் விவசாயிக்குப் பணம் தரவும் வழிசெய்தது. நீரைத் தேக்குவதற்கும், கரியமிலவாயுவை உறிஞ்சுவதற்கும், உயிரினங்களுக்கு இடம் தருவதற்கும், காட்சி அழகுக்குமான கூலி அது. பணம் முக்கியமாக எரிபொருள் வரியிலிருந்து வந்தது. மறு ஆண்டே, நீர், மின்சாரம், கழிவு, உள்ளூர் வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பார்த்து விடுதிகளுக்குத் தரச்சான்று தரும் திட்டம் தொடங்கியது. இன்று காடு மீண்டும் நாட்டின் பாதிக்கு மேல் பரவியிருக்கிறது. மாட்டிறைச்சி விலை சரிந்ததும் இதற்கு ஒரு காரணம். ஆனால் மரத்தை வெட்டாமல் வைத்திருப்பவருக்கும் வருமானம் உண்டு என்று ஆக்கியது கொள்கைதான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம், அது புவியியல் தந்த அதிர்ஷ்டம் என்பது. அதே வட்டாரத்தில் உள்ள ஹோண்டுராஸுக்கும் நிகராகுவாவுக்கும் அதே மழைக்காடுகளும் இரட்டைக் கடலும் இருக்கின்றன. அவற்றால் இந்தப் பெயரை எடுக்க முடியவில்லை. உள்நாட்டுப் போரும் அரசியல் கொந்தளிப்பும் அவற்றைப் பின்னுக்கு இழுத்தன என்பது உண்மை. 1948இல் படையையே கலைத்த கோஸ்டா ரிகாவுக்கு அமைதி பெரிய பலம். அந்த அமைதியுமே அரசியல் முடிவால் வந்ததுதான். இரண்டாவது வாதம் ஏழைகளைப் பற்றியது: நிலத்தைப் பூங்காவாகப் பூட்டினால் சுற்றியுள்ளவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்? நியாயமான கேள்வி. பொருளியலாளர்கள் பால் ஃபெராரோவும் மெர்லின் ஹனாவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. கோஸ்டா ரிகாவின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளால் வறுமை குறைந்திருக்கிறது. அந்தக் குறைவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குச் சுற்றுலா தந்த வாய்ப்புகளே காரணம் என்று அவர்கள் கண்டார்கள். ஆமை முட்டையிட வரும் தோர்த்துகுவேரோ கரையில், ஒரு காலத்தில் ஆமை பிடித்து வாழ்ந்த ஊர், இன்று பயணிகளுக்கு வழிகாட்டி வாழ்கிறது. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இரவில் அங்கே ஆமை பார்க்க முடியாது. அந்த விதி ஆமையையும் காக்கிறது, கூலியையும் ஊருக்குள் நிறுத்துகிறது.

மூன்றாவது வாதம்தான் வலுவானது: பச்சை முத்திரை வெறும் விளம்பரம் என்பது. விடுதிகளுக்கான தரச்சான்று விரும்பியவர் வாங்குவது. விரும்பாதவரை அது கட்டுப்படுத்தாது. சட்டம் நெகிழ்ந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு, நாட்டின் வறண்ட வடமேற்கு மாகாணமான குவானகாஸ்டே சாட்சி. பெரும் உல்லாச விடுதிகளும் கோல்ஃப் மைதானங்களும் அங்கே வரிசையாக எழுந்தன. 2008இல் சார்டினால் ஊர் மக்கள், தங்கள் நிலத்தடி நீரைக் கடலோரக் கட்டடங்களுக்குக் கொண்டுபோகும் குழாய்த் திட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். மானுவல் அந்தோனியோ போன்ற சிறிய பூங்காவில் கூட்டம் தாங்காமல், நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் வாராந்திர விடுமுறையும் தேவைப்பட்டன. இந்தக் குறைகள் கொள்கையைப் பொய்யாக்கவில்லை. விதி இருந்த இடத்தில் வளம் மிஞ்சியதையும், தளர்ந்த இடத்தில் சண்டை மூண்டதையும் ஒரே நாட்டுக்குள் காட்டுகின்றன. முத்திரையை நம்பி இருக்க முடியாது, நிலச் சட்டம்தான் பல்லும் நகமும் என்பதே இதன் பொருள்.

போட்டித்திறன் என்பது மலிவு விலை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். மலிவாக விற்கும் கடற்கரையைவிட மலிவான இன்னொரு கடற்கரை எப்போதும் கிடைக்கும். வெட்டாமல் காத்த காட்டுக்கு அந்தப் பயம் குறைவு. அந்தக் காட்டுக்காகத்தான் தொலைதூரத்திலிருந்து வருபவர் கோஸ்டா ரிகாவில் பத்து நாளுக்கும் மேல் தங்கிச் செலவழிக்கிறார். ஆனாலும் ஒரு தொழிலையே நம்பியிருப்பதன் ஆபத்து 2020இல் தெரிந்தது: கொரோனா வந்ததும் பயணிகள் சுமார் 10 லட்சமாகக் குறைந்தார்கள், பூங்காக்களின் நுழைவுக் கட்டண வருவாயும் சரிந்தது. காட்டின் பாதுகாப்பு பயணச்சீட்டு விற்பனையை மட்டும் சார்ந்திருக்கக் கூடாது. எரிபொருள் வரி போன்ற நிலையான நிதி அதற்கு வேண்டும். ஆகவே சுற்றுலாக் கொள்கை எழுத உட்காரும் எந்த அரசும், எங்கே கட்டக் கூடாது, எவ்வளவு பேரை அனுமதிப்பது, வருமானத்தில் உள்ளூருக்கு எவ்வளவு பங்கு என்ற மூன்றையும் முதல் பக்கத்திலேயே சட்டமாக எழுத வேண்டும். விமான நிலையமும் விளம்பரமும் அடுத்த பக்கத்தில் வரட்டும்.