அயலார் மடி

புறக்கோட்டையிலிருந்து காலி வீதி வழியே பாணந்துறை செல்லும் 100ஆம் இலக்க பஸ்ஸில் மாலை வேளையில் ஏறுவோர் பொறுமையைக் கற்றே இறங்குவர். ஆள் சேரும்வரை தரிப்பிடத்தில் அசையாது நிற்கும் வண்டி, பின்னால் மற்றொன்று தலைகாட்டியதும் பாய்ந்தோடுகிறது. இது சாரதியின் குணக்கேடு மட்டுமன்று. 1958இல் அரசுடைமையான பஸ் சேவை, 1979இல் தனியார்க்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. தனியார் வண்டியில் அன்றன்றைய வசூலே முதலாளிக்கும் சாரதிக்கும் நடத்துநருக்கும் படியளக்கிறது. அவர்கள் கணக்கில் பயணி ஒரு சில்லறைக் காசு.

ஆயினும் இவ்வண்டியை வெறுக்க என்னால் இயலவில்லை. நிற்பவரின் பையை, அமர்ந்திருப்பவர் தாமாகவே வாங்கித் தம் மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கு உண்டு. பெயர் கேட்பதில்லை, மொழியும் மதமும் கேட்பதில்லை. வெள்ளவத்தையில் இறங்கும் தமிழ் மாணவியின் புத்தகப் பை, மொறட்டுவைக்குச் செல்லும் சிங்கள மூதாட்டியின் மடியில் பத்திரமாக இருக்கிறது. 1983 ஜூலையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்த வீதி இதுவே என்பதை நினைந்தால், இச்சிறு செயலின் பெருமை விளங்கும்.

நேர அட்டவணையும் நிலையான சம்பளமும் வந்தால் வண்டிகளின் போட்டி தீரலாம். அந்த மடியை வழங்கச் சட்டத்தால் இயலாது. அது மனிதர் தாமே தருவது.