முப்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்த மருந்து

செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1955இல் அரசு ஏற்று நடத்தத் தொடங்கும் முன் அது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. பொத்தேரியில் மின்ரயில் ஏறி இறங்குகிற மருந்தியல் மாணவர்கள் மருந்து வேதியியல் பாடத்தில் டாப்சோன் என்ற பெயரைப் படித்திருப்பார்கள். அந்த மூலக்கூற்றை எந்த மாற்றமும் செய்யாமல் தொழுநோயாளிக்குக் கொடுத்துப் பார்க்கும் துணிவு பிறந்த இடம், அதே ரயில் போய் நிற்கிற செங்கல்பட்டை ஒட்டிய இந்தத் திருமணிதான்.

டாப்சோனின் கட்டமைப்பு எளிமையானது. இரண்டு பென்சீன் வளையங்கள். நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு கந்தக அணு, அதன்மேல் இரண்டு ஆக்சிஜன். இரு முனைகளிலும் ஒவ்வோர் அமினோ தொகுதி. 1908இல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க்கில் எமில் ஃபிரோமும் யாக்கோப் விட்மனும் இதைத் தயாரித்தார்கள். மருந்து செய்யும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. அது சாயங்களின் வேதியியல் கொடிகட்டிப் பறந்த காலம். அதே 1908இல் வியன்னாவில் பால் கெல்மோ சல்ஃபனிலமைடைத் தயாரித்தார். அதுவும் யாருடைய கண்ணிலும் படாமல் கிடந்தது. லட்சக்கணக்கான உயிர்களைக் காத்திருக்கக்கூடிய இரண்டு பொருள்கள் ஒரே ஆண்டில் பிறந்து, புட்டிகளில் தூங்கின. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

1930களில் புரோண்டோசில் என்ற சிவப்புச் சாயம் பாக்டீரியாத் தொற்றைக் குணப்படுத்துவதை கெர்ஹார்ட் டோமாக் காட்டினார். 1935இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் இன்னும் ஆழமாகப் பார்த்தார்கள். உடலுக்குள் சென்றதும் அந்தச் சாயம் உடைகிறது. உடைந்து வெளிவரும் நிறமற்ற சல்ஃபனிலமைடுதான் வேலை செய்கிறது. இதற்குப் பிறகு கந்தகச் சேர்மங்களையெல்லாம் தூசு தட்டி எடுத்துச் சோதித்தார்கள். 1937இல் டாப்சோனின் முறை வந்தது. எலிகளில் அது சல்ஃபனிலமைடைவிடப் பல மடங்கு வலுவாக இருந்தது. ஆனால் சல்ஃபனிலமைடைப் போலவே மனிதருக்கும் கிராம் கணக்கில் கொடுத்தபோது சிவப்பணுக்கள் சிதைந்தன, உதடு நீலம் பாய்ந்தது. நச்சு என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டார்கள்.

அதன் நச்சைக் குறைக்க வேதியியலாளர்கள் அமினோ முனைகளில் சர்க்கரைத் தொகுதிகளைக் கோத்துப் புரோமின் என்ற மருந்தைச் செய்தார்கள். 1941இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் கை ஃபேஜெட் அதை நோயாளிகளின் நரம்பில் ஏற்றினார். நீண்டகாலப் புண்கள் ஆறின. அதுவரை உலகம் நம்பியிருந்தது நீரடிமுத்து எண்ணெயைத்தான். நம் சித்த மருத்துவர்களுக்குப் பழக்கமான அந்தக் கொட்டையின் எண்ணெயை ஊசியாகப் போட்டால் வலி உயிர்போகும், பலனோ நிச்சயமில்லை. புரோமினில் பலன் கண்கூடு. ஆனால் நாள்தோறும் நரம்பில் ஊசி, அதுவும் கிராம் கணக்கில். அன்றைய சென்னை மாகாணத்தில் எத்தனை பேருக்கு அது கிடைத்திருக்கும்?

திருமணியில் பணியாற்றிவந்த ராபர்ட் காக்ரேன் இங்கேதான் வேறு வழியில் யோசித்தார். புரோமின் உடலுக்குள் உடைந்து டாப்சோனைத் தருகிறது என்றால், நேரே டாப்சோனையே கொடுத்தால் என்ன? கால்நடை மருத்துவத்தில் மாடுகளின் மடிநோய்க்கு அதை ஏற்கெனவே பயன்படுத்திப் பார்த்திருந்தார்கள். 1946இல் காக்ரேன் டாப்சோனை எண்ணெயில் கலந்து, தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்தத் தொடங்கினார். எண்ணெயிலிருந்து மருந்து மெல்லக் கசிந்ததால் தினசரி ஊசி தேவைப்படவில்லை. நோயாளிகள் தேறினார்கள். சில ஆண்டுகளுக்குள் நைஜீரியாவின் உசுவாகோலியில் ஜான் லோ, சிறிய அளவில் வாய்வழி மாத்திரையே போதும் என்று காட்டினார். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம். விலையோ மிக மலிவு.

புதிய மூலக்கூறு எதுவும் திருமணியில் பிறக்கவில்லை. அங்கே நடந்தது அளவையும் கொடுக்கும் முறையையும் மாற்றிப் பார்த்ததுதான். இருந்தும் இதை முழுமையான மருந்துக் கண்டுபிடிப்பாகவே நான் மதிக்கிறேன்.

சிறிய அளவு போதுமானது ஏன் என்பது பிறகு விளங்கியது. தொழுநோய்க் கிருமியைச் சோதனைக்குழாயில் வளர்க்க முடியாது. அது இரண்டாகப் பிரியவே ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். 1960இல் சார்லஸ் ஷெப்பர்ட் எலியின் பாதத்தில் அதை வளர்த்துக் காட்டிய பிறகே மருந்துகளை முறையாக அளக்க முடிந்தது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 0.003 மைக்ரோகிராம் டாப்சோன் இருந்தாலே கிருமியின் பெருக்கம் நின்றுவிடுகிறது. தினம் 100 மில்லிகிராம் விழுங்குபவரின் ரத்தத்தில் அதைப்போல் பல நூறு மடங்கு இருக்கும். மேலும், விழுங்கிய மருந்தில் ஏறக்குறைய பாதி மறுநாளும் உடலில் தங்கியிருக்கும். தினமும் ஒரு குடம் ஊற்றுகிறோம், மெல்லக் கசிகிற தொட்டி அது. குடம் பெரிதானால் தொட்டி வழிந்துவிடும். 1930களில் நடந்தது அதுதான்.

கிருமிக்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. தயாரிப்புக்கான ஒரு மூலப்பொருளின் சாயல் டாப்சோனுக்கு இருப்பதால், கிருமியின் நொதி ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ள, தயாரிப்பு முடங்குகிறது. நாமோ ஃபோலிக் அமிலத்தைக் கீரையிலிருந்தும் பயறிலிருந்தும் பெறுகிறோம். அந்த நொதி நம்மிடம் இல்லவே இல்லை.

‘டி.டி.எஸ். மாத்திரை’ என்று நோயாளிகளும் களப்பணியாளர்களும் அழைத்த இந்த மருந்தைத் தனியாகவே ஆண்டுக்கணக்கில் கொடுத்ததில் கிருமி பழகிக்கொண்டது. 1964இல் மலேசியாவின் சுங்கை பூலோவிலிருந்து எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமி பற்றிய முதல் சான்று வந்தது. 1981இல் கூடிய உலக சுகாதார நிறுவனக் குழு, ரிஃபாம்பிசின், குளோஃபசிமின் ஆகியவற்றோடு டாப்சோனைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அந்தக் கூட்டில் டாப்சோன் இன்றும் இருக்கிறது.

உடலில் நிறம் வெளிறிய, தொட்டால் உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். நோயின் தன்மையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சிகிச்சை. மருந்து முழுக்க இலவசம். தாமதித்தால் நரம்புகள் சேதமாகிவிடும், அந்தச் சேதத்தை எந்த மாத்திரையாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.