தில்லைக்கு வந்த ஓதுவார் வீட்டுக் குரல்

பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் திருவாமூர், அப்பர் பிறந்த ஊர். சூலை நோயில் துடித்தபடி அவர் முதல் பதிகம் பாடியது அருகிலுள்ள திருவதிகையில். அந்தப் பதிகத்துக்குப் பண் கொல்லி. இன்றைய ஓதுவார்கள் அதை நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அவர் கரையேறியதாகப் புராணம் சொல்லும் தலம், கடலூர் நகருக்குள்ளேயே இருக்கும் திருப்பாதிரிப்புலியூர். தெற்கே போனால் தில்லை என்னும் சிதம்பரம். செல்லரித்த தேவார ஏடுகள் மீட்கப்பட்டது அங்குள்ள கோயிலில்தான் என்பது சைவ மரபு. கடலூர் மாவட்டத்தின் இசை வரலாறு இந்தப் பாட்டுகளில்தான் தொடங்குகிறது. அந்தப் பாட்டைக் கோயில் மண்டபத்திலிருந்து கச்சேரி மேடைக்கும் சினிமாக் கொட்டகைக்கும் கல்லூரி வகுப்புக்கும் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் எம்.எம். தண்டபாணி தேசிகர்.

அவர் இந்த மாவட்டத்துக்காரர் அல்லர். 1908 ஆகஸ்ட் 27 அன்று திருச்செங்காட்டங்குடியில் பிறந்தார். தந்தை முத்தையா தேசிகர். வீட்டில் தேவாரம் ஓதுவதே குலத்தொழில். பிறகு கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளையிடம் கர்நாடக இசை பயின்றார். ராகத்தை விரித்துப் பாடும் நுட்பம் குருவிடமிருந்து வந்தது. ஆனால் சொல் சிதையாமல், பொருள் கேட்பவருக்குப் போய்ச் சேரும்படி பாடும் ஒழுக்கம் ஓதுவார் வீட்டுச் சொத்து. அவருடைய இசைத்தட்டுகளை இன்று கேட்டாலும் முதலில் மனத்தில் நிற்பது அந்தச் சொல் தெளிவுதான்.

அந்தக் குரலைச் சினிமா விடவில்லை. பட்டினத்தார், தாயுமானவர், மாணிக்கவாசகர் என்று அடுத்தடுத்து அடியார் வேடங்கள் அவரைத் தேடி வந்தன. உச்சம், 1942இல் வெளிவந்த ஜெமினியின் ‘நந்தனார்’. கொள்ளிடக்கரை ஆதனூரில் பிறந்து, தில்லையைக் காண ஏங்கிய பண்ணையாளின் கதை. பெரியபுராணத்தில் சில பாடல்களுக்குள் அடங்கிய இந்த வரலாற்றை, கொடுமைக்கார வேதியர் ஒருவரைப் புதிதாகப் படைத்து, முழுநீள இசை நாடகமாக விரித்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நொண்டிச்சிந்து, கும்மி என உழைக்கும் மக்களின் பாட்டு வடிவங்களையே அவர் அதற்குள் கொண்டுவந்தார். காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவோடு அது அச்சேறியது. 1935இலேயே கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்திருந்தார். அதற்கு அவர் பெற்ற ஒரு லட்ச ரூபாய் சம்பளத்தை ஊரே பேசியது. ஆனால் மக்கள் மனத்தில் நந்தனாராகவே தங்கிவிட்டவர் தேசிகர்தான். தில்லையின் வாசலுக்கு வெளியே நின்று கெஞ்சும் மனிதனின் ஏக்கத்தை, கோயிலில் பாடிப் பிழைத்த மரபிலிருந்து வந்த ஒருவர் பாடினார். அந்தக் குழைவை நடிப்பு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் படத்துக்கு முந்தைய ஆண்டு, 1941இல், அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு நடந்தது. கச்சேரிகளில் தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகளே நிறைந்திருக்க, கடைசியில் துக்கடாவாக மட்டும் தமிழுக்கு இடம் கிடைத்த காலம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பொருள் கொடுத்துத் தூண்ட, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழிசைப் பாடல்களைச் சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக வெளியிட்டது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1946இல் திருவையாறு தியாகராஜ ஆராதனையில் தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதும் மேடை தீட்டாகிவிட்டது என்று பேச்செழுந்தது; இளைஞர் கருணாநிதி ‘குடி அரசு’ இதழில் அதைக் கண்டித்து எழுதினார். தேசிகர் தமிழில் பாடுவதை நிறுத்தவில்லை. பாடுவதற்குத் தமிழில் உருப்படி குறைவு என்ற வாதத்துக்கு, தாமே புதிய கீர்த்தனைகளை இயற்றிப் பதில் சொன்னார்.

பின்னர் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமையேற்றுச் சுமார் 15 ஆண்டுகள் பணிபுரிந்தார். டைகர் வரதாச்சாரியார், தஞ்சை பொன்னையா பிள்ளை போன்ற மேதைகள் கற்பித்த இடம் அது. ‘இசையரசு’ என்று தமிழகம் அழைத்தவர், புகழோடு இருந்தபோதே வகுப்பறைக்கு வந்து உட்கார்ந்தது சிதம்பரத்துக்குக் கிடைத்த பேறு.

அவருடைய இசை தமிழுக்குள் நின்றது. ஆனால் குறுகி நிற்கவில்லை. பாரதிதாசனின் ‘துன்பம் நேர்கையில்’ கவிதைக்கு அவர் தேர்ந்தெடுத்தது தேஷ், வடக்கிலிருந்து வந்த ராகம். 1951இல் ‘ஓர் இரவு’ படம் அந்த மெட்டை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. கவிஞர் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது. மெட்டமைத்தவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

தேசிகர் 1972 ஜூன் 26 அன்று மறைந்தார். தில்லைத் திருச்சிற்றம்பல மேடையில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்ற வழக்கு அதற்குப் பிறகும் நீண்டது. கடலூர் மாவட்டம் குமுடிமூலையைச் சேர்ந்த சிவனடியார் ஆறுமுகசாமி அதற்காகப் பல ஆண்டுகள் போராடினார். 2008 மார்ச் 2 அன்று, அரசாணை கையில் இருந்தும் போலீஸ் பாதுகாப்போடுதான் அவரால் மேடையேறித் தேவாரம் பாட முடிந்தது.

கடலூர், சிதம்பரத்துச் சபாக்களுக்கும் இசைப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 27 மாலையைத் தேசிகரின் பாட்டுகளுக்கென்று ஒதுக்குங்கள். கொல்லிப் பண்ணில் அப்பரின் பதிகத்தோடு தொடங்கி, தேசிகரே இயற்றிய கீர்த்தனைகளைப் பிள்ளைகள் பாடட்டும். அடுத்த முறை வீட்டில் ‘துன்பம் நேர்கையில்’ ஒலிக்கும்போது, மெட்டமைத்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.